ஆட்டோ சொல்லியாச்சா?

எங்கள் ஆபீஸில் 'ஆட்டோ சொல்லியாச்சு' என்றால் யாரும் தெருவை எட்டிப் பார்க்க மாட்டார்கள். தி.நகர் ஜவுளிக்கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு மயிலாப்பூர், அடையாறு கிளைகளின் ரவுட்டர்களை நோண்டுகிறவர்கள் நாங்கள். கை தவறினால் நம் இணைப்பே அறுந்துவிடும். ஆட்டோ பிடித்து நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் தொடுவதற்கு முன், 'கொஞ்ச நேரத்தில் நீயே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்' என்று ரவுட்டருக்கு ஒரு கட்டளை போட்டுவைப்போம். சேமிக்காத மாற்றமெல்லாம் ரீஸ்டார்ட்டில் அழிந்து பழைய நிலை வந்துவிடும். வேலை நல்லபடியாக முடிந்தால் கட்டளையை ரத்து செய்துவிடலாம். போட்டதும் 'ஆட்டோ சொல்லியாச்சு' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுப்பது வழக்கம். ஒரு மழைநாளில் அடையாறுக்கு நனைந்துகொண்டு போய்வந்த கடுப்பில் அந்தப் பெயரை வைத்தவள் நான்.

அதைக்கூட அவள் எடுத்துக்கொண்டாள். சிந்தாதிரிப்பேட்டைப் பெண், எனக்கு ரொம்ப ஜூனியர். வந்த புதிதிலேயே, நான் நாள் முழுக்கக் கையால் செய்கிற வேலைக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டாள். எங்கள் டீம் ஹெட் சாருக்கு வாயெல்லாம் பல். எனக்கு வயிறு எரிந்தது. சார் வேலையை விட்டுப் போவதாக இருந்தார். அவர் நாற்காலி எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சிரித்தால் எரிச்சல். தன் சாம்பார் சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினால் இன்னும் எரிச்சல்.

அன்று அடையாறு ரவுட்டர் வழியாக யார் போய்வரலாம் என்கிற விதிகளை மாற்றச் சொன்னார் சார். அவள் முந்திக்கொள்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஆபீஸை அனுமதிக்கும் வரியைப் போடும் முன்பே 'யாரும் கூடாது' என்கிற வரியைத் தட்டிவிட்டேன். திரை அப்படியே உறைந்தது. அடையாறில் பில்லிங் நின்றுபோய், கிளை மேனேஜர் போனில் கத்த ஆரம்பித்தார். இருந்த அவசரத்தில் நான் ஆட்டோ சொல்லவே இல்லை.

எதிர் சீட்டிலிருந்து அவள் மெல்லச் சொன்னாள்: "இன்னாக்கா, இதுக்குப் போயி வேர்த்துக்கினு. நீங்க குரல் குடுக்கலியேன்னு அப்பவே நானே ஆட்டோ சொல்லி வச்சேன். வந்துரும்."

ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி இணைப்பு வந்துவிட்டது. சார் ஓடிவந்து, ஆட்டோ சொல்லியிருந்தாயா என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள், "அக்கா சொல்லிட்டுதான் சார் கை வச்சாங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிச்சை போடுகிறாளா எனக்கு? நல்லவள் என்கிற பெயரும் அவளுக்கே போக வேண்டுமா? "நான் ஒண்ணும் சொல்லலை சார். சொன்னது இவ" என்றேன். குரல் கீழே கடைவரை கேட்டிருக்கும்.

நாற்காலி அவளுக்குப் போனது. இப்போதும் நான் ஏதாவது ரவுட்டரைத் தொட்டால், அங்கிருந்து தலையை நீட்டி, "ஆட்டோ சொல்லியாச்சாக்கா?" என்று கேட்கிறாள். நான் வைத்த பெயர்.

"சொல்லியாச்சு மேடம்" என்கிறேன்.