தந்தி கேசவனின் சின்ன எழுத்துகள்

கேசவன் சைக்கிளில் ஏறி வந்தால் நல்ல சேதி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தால் சாவு.

இதை அவர் யாரிடமும் சொல்லி வைத்ததில்லை. தாம்பரம் தந்தி ஆபீசில் சேர்ந்த புதிதில், அகரம்தென்னில் ஒரு வீட்டுக்கு மணியடித்துக்கொண்டே போய் உறையைக் கொடுத்தார். அந்த வீட்டு மூத்த மகன் பம்பாயில் இறந்த செய்தி அது. வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவரைப் பார்த்து, "மணியடிச்சிகினு வந்தியேடா" என்றாள். திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சாவுத் தந்தி என்றால் தெருமுனையிலேயே இறங்கிவிடுவார். நல்லதென்றால் முனையிலிருந்தே மணி. கொஞ்ச நாளில் ஊருக்குப் புரிந்துவிட்டது. அவர் தள்ளிக்கொண்டு வரும் தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அவர் தாண்டிப் போன வீடுகளில் மூச்சு வரும். எந்த வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறதோ அங்கே உறையைப் பிரிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கும்.

இப்படி வருவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆபீசில் எந்திரத்தின் முன் உட்காரும் ஏசுபாதம் சாவு உறைகளைக் கவிழ்த்துக் கொடுப்பார். அவர் விடுப்பில் போன நாட்களில் கேசவன், உறையில் போடுவதற்கு முன், சேதி அச்சாகித் தாளில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டைகளைத் தானே பார்த்தார். அப்படித்தான் ஆங்கிலம் வந்தது. முதலில் கற்றுக்கொண்ட சொல் எக்ஸ்பயர்ட். பிறகு சீரியஸ். பிறகு ஸ்டார்ட், சேஃப், செலக்டட். எல்லாம் பெரிய எழுத்துகள். புள்ளி கிடையாது, வால் கிடையாது. உலகத்தில் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

நாற்பது வயதைத் தாண்டியபோது, அது எண்பத்தாறாம் வருடக் கடைசி, மனைவி முனியம்மாவின் தங்கை மகளுக்குச் சீமந்தம் வந்தது. குன்றத்தூரில். கேசவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். முனியம்மா பூவை முடிந்துகொண்டே, "நீ வர்றியா?" என்று கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? என் மச்சினிச்சி பொண்ணு."

"இல்ல... தங்கச்சியே சொல்லியனுப்பிச்சா. மாமாவ அப்புறமா ஒரு நாளு வந்து பாக்கச் சொல்லுக்கான்னு."

கேசவன் சட்டையை மறுபடி கொடியில் போட்டார்.

"உம் மேல தப்பு இல்லய்யா. வயித்துப் புள்ளக்காரி பயப்படுறா. நம்ம தெருவுலயே நீ சைக்கிள தள்ளிகினு வந்தா நாய்கூட உள்ள போயிடுது." சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சைக்கிள்லயே வர்றேன். மணியடிச்சிகினு."

"அங்க யாருக்குத் தெரியும் உன் மணி? தந்திக்காரன்னுதான் தெரியும்."

அந்த வாரம்தான் ஏசுபாதம் இலாகாத் தேர்வு பற்றிச் சொன்னார். தேறினால் கவுண்டரில் உட்காரலாம். தந்தி வாங்கும் வேலை. "அங்க உக்காந்தா நீ யாரு வூட்டுக்கும் போவத் தேவையில்ல. அவங்களே வருவாங்க. சாவோ, கல்யாணமோ, எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. எவன் வூட்ல போய் எறங்குதோ அது அந்த ஊர் தந்திக்காரன் தலையெழுத்து." கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம் என்று மூன்று தாள். ஆங்கிலத் தாளில் புள்ளியும் பெரிய எழுத்தும் இல்லாமல் ஒரு பத்தியைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்வார்கள்.

"இன்னா இருக்காது?" என்றார் கேசவன்.

"புள்ளி."

"புள்ளின்னா?"

ஏசுபாதம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனிக்குச் சாவித்ரி குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முப்பது வயது இருக்கும். கணவர் சுந்தரராமனுக்கு நாக்பூருக்கு மாற்றலாகியிருந்தது. சாயங்காலங்களில் காலனிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். கேசவன் அவள் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை வாழ்த்துத் தந்தி கொண்டுபோயிருக்கிறார். ஒருநாள் உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன, கையெழுத்து விட்டுப்போச்சா?"

"இல்ல டீச்சர். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தரணும். புள்ளி வைக்கிற இங்கிலீஷ்."

மதியம் டெலிவரி முடிந்து வருவதென்று பேச்சாயிற்று. திங்கள், வியாழன். பணம் வேண்டாம் என்றாள். அவர் திருநீர்மலைப் பக்கம் போகும் நாளில் கத்தரிக்காயோ வெண்டைக்காயோ வாங்கி வந்து வாசல் படியில் வைத்தார். அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

முதல் நாள் அவள் சின்ன எழுத்துகளை வரிசையாக எழுதிக் காட்டினாள். கேசவன் வெகுநேரம் பார்த்தார்.

"இது ஜீயா?"

"ஆமாம். சின்ன ஜீ."

"அந்த ஜீக்குப் பொறந்தது இதுன்னா எப்படி டீச்சர் நம்புறது? மூஞ்சே ஒட்டல."

சாவித்ரி சிரித்துவிட்டாள். அவரும் தயங்கிச் சிரித்தார். சிக்கல் அங்கேதான் இருந்தது. அவர் கை பெரிய எழுத்துக்குப் பழகியிருந்தது. பாதி வரி சின்னதாகப் போகும். பிறகு தன்னை மறந்து பெரிதாக எழுந்து நிற்கும்.

"எல்லாத்தையும் பெரிசா எழுதினா சத்தம் போட்டுப் பேசற மாதிரி கேசவன். வாக்கியம் ஆரம்பிக்கறச்சே ஒண்ணு, ஊர் பேர், ஆள் பேர், பாஷை பேர், அவ்வளவுதான் பெரிசு. மத்ததெல்லாம் மெதுவா."

"தந்தியில எல்லாரும் சத்தம்தான் போடுறாங்க."

"'நான்'னு அர்த்தம் வர்ற ஐ மட்டும் எங்க வந்தாலும் பெரிசு."

"நான் மட்டுமா? நீ இன்னா பாவம் பண்ணிச்சு?"

"வெள்ளைக்காரன்கிட்ட கேக்கணும்" என்றாள்.

'மதர் சீரியஸ்' என்று அவர் எழுதினால் அவள் நடுவில் ஒரு 'இஸ்' போடுவாள். இத்தனை வருடமாக அந்த இஸ் இல்லாமலேதான் வீடு வீடாகச் சேதி சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. கமா வந்தால் ஒரு மூச்சு, முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு மூச்சு நிற்கச் சொன்னாள். கேசவன் அப்படியே படித்தார். புள்ளி வந்ததும் நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு இறங்குவார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் அவள் கேட்டாள். "நேத்திக்கு எங்க தெருவோட போனேளே, ஏன் சைக்கிளைத் தள்ளிண்டு போனேள்? பஞ்சரா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அகரம்தென் வீட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் நின்றதும் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், அதனால் எந்த வீட்டிலும் முதலில், "ஒன்னும் இல்லம்மா, பயப்படாதீங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார், அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உறையைக் கொடுப்பார் என்பதையும் சொன்னார். சீமந்தத்தைப் பற்றியும் சொன்னார்.

சாவித்ரி பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு, "என் வீட்டுக்கு வரச்சே எப்பவும் மணியடிச்சிண்டே வாங்கோ கேசவன். பாடத்துக்கு வந்தாலும் சரி" என்றாள்.

அதன்பின் அப்படித்தான் வந்தார். தெருமுனையில் மணி கேட்டதும் அவள் பாயை எடுத்துப் போடுவாள். எதிர்வீட்டுக் காமு மாமி, "உன் ஸ்டூடண்ட் வந்தாச்சுடி" என்று குரல் கொடுப்பாள்.

தேர்வு தை மாதத்தில் முடிந்தது. பத்தி வந்தது, திருத்தினேன் என்றார். எங்கெங்கே புள்ளி வைத்தார் என்று அவள் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். முழுக்க ஆட்டவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

முடிவு வருவதற்குச் சில நாள் முன்பு நாக்பூரிலிருந்து கடிதம் வந்தது. சுந்தரராமனுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் தம்பி கிட்டு பார்க்கப் போயிருந்தான். நிலைமை எப்படி என்று போனதும் தந்தி கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். சாவித்ரி இதைக் கேசவனிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள். அன்று அவர் மூன்று இடத்தில் பெரிய எழுத்துப் போட்டார். அவள் ஒன்றையும் திருத்தவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் எந்திரத்தின் அருகே போய் நின்றார். "நாக்பூர் ஒன்னும் இல்ல, போ" என்பார் ஏசுபாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் நாக்பூர் இல்லை. அந்த நிம்மதியோடு திரும்பியபோது பலகையில் தேர்வு முடிவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கிலும் பொது அறிவிலும் தேறியிருந்தார். ஆங்கிலத்தில் போய்விட்டது.

"அடுத்த வருசம் இருக்குய்யா" என்றார் ஏசுபாதம். "இன்னிக்கி டெலிவரி கம்மிதான். வூட்டுக்குப் போ."

கேசவன் வீட்டுக்குப் போகவில்லை. டீச்சரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கேம்ப் ரோடு வெயிலில் மிதித்துக்கொண்டு போனார். முனியம்மாவிடம் என்ன சொல்வது, சீமந்தம் முடிந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பேர்வைக்கும்போது என்ன செய்வது என்று யோசனை ஓடியது. தெருமுனை வந்தது. கால் தானாகக் கீழே இறங்கியது. கெட்ட சேதியோடு போகும்போது அந்தக் கால் வேறெதையும் அறியாது. தள்ளிக்கொண்டு நடந்தார்.

சாவித்ரி வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கீரைக்கட்டு கையிலிருந்து விழுந்தது. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

முடிவு அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, கோபம் போலிருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார்.

"டீச்சர்."

"குடுக்காதீங்கோ கேசவன். நான் வாங்கிக்க மாட்டேன். எடுத்துண்டு போயிடுங்கோ."

கதவுக்குப் பின்னால் குரல் தரையிலிருந்து வந்தது. கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். கேசவன் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் நின்றது. எதிர்வீட்டில் காமு மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கீரைக்காரி கூடையை இறக்கிவிட்டு அவரையே பார்த்தாள். அப்போதுதான் தான் செய்தது தெரிந்தது.

"ஐயோ டீச்சர், இல்ல! ஒன்னும் இல்ல, பயப்படாதீங்க—"

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லா வாசலிலும் சொல்லும் அதே வார்த்தைகள்.

"அப்படித்தான் முதல்ல சொல்வேன்னு நீங்களே சொன்னேளே" என்றாள் அவள்.

ஓடிப்போய் மணியை அடித்தார். நின்றுகொண்டிருந்த சைக்கிளின் மணி. அது அவருக்கே பொய்யாகக் கேட்டது. கதவு திறக்கவில்லை.

சட்டைப் பையைத் துழாவினார். தேர்வு ஹால் டிக்கெட் இருந்தது. இனி அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைக் கதவின் மேல் வைத்து, பின்புறத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, சின்னதாக எழுதினார். நான் ஆங்கிலத்தில் தவறிவிட்டேன் என்று. கதவுக்கு அடியில் தள்ளினார்.

காகிதம் உள்ளே இழுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம். அழுகை என்று நினைத்தார். தாழ்ப்பாள் விலகியது.

சாவித்ரி சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. காகிதத்தை மார்போடு பிடித்திருந்தாள்.

"ஃபெயிலா? ஃபெயிலுக்கா நடந்து வந்தேள்?"

"ஆமா டீச்சர்."

"கடவுளே." கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று முகம் மாறியது. "மன்னிச்சுக்கோங்கோ. நீங்க ஃபெயிலாயிருக்கேள், நான் சிரிக்கறேன்."

"சிரிங்க டீச்சர்," என்றார் கேசவன். "நான் நடந்து வந்த சேதிக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட சிரிச்சதில்ல."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை மறுபடி பார்த்தாள். "இங்கிலீஷுக்குப் பெரிய ஈ போட்டிருக்கேள்."

"நீங்கதான சொன்னீங்க. பாஷை பேருக்குப் பெருசுன்னு."

"எல்லாம் சரி. கடைசியில ஃபுல்ஸ்டாப் இல்லை."

"அவசரத்துல வுட்டுப்போச்சு."

"அங்கதான் மார்க்கு போயிருக்கும். வியாழக்கிழமை வாங்கோ. முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்." அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. "மொதல்ல இவாளுக்குச் சொல்லுங்கோ. தெருவே செத்துப்போய் நிக்கறது."

கேசவன் சைக்கிளைத் திருப்பினார். நடந்து வந்த தெருவில் திரும்பும்போதும் வழக்கமாக முனைவரை தள்ளிக்கொண்டுதான் போவார். அன்று அவள் வாசலிலேயே ஏறி, தெரு முடியும்வரை மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார். காமு மாமி, "என்னடி, பாஸா?" என்று கத்தியதும், சாவித்ரி ஏதோ பதில் சொன்னதும் மணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நாக்பூர்த் தந்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. ஏசுபாதம் உறையை நிமிர்த்திக் கொடுத்தார். கேசவன் அதற்குள் பட்டைகளைப் படித்திருந்தார். பெரிய எழுத்துகள், புள்ளி இல்லை, இஸ் இல்லை. ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று இருந்தது.

அன்று அவர் தெருமுனைவரை காத்திருக்கவில்லை. ஆபீஸ் வாசலிலேயே மணியடிக்கத் தொடங்கிவிட்டார்.