டிரெய்லருக்குள் உட்கார்ந்து வந்தவள்

சின்ன வண்டி நல்லதா பெரிய வண்டி நல்லதா என்று எங்கள் வீட்டில் ஒரு சித்திரை மாதம் முழுக்கச் சண்டை நடந்தது. வீட்டுக்காரர் பேசினார், அவருடைய அக்கா பேசினார், டீ குடிக்க வந்தவன் போனவன் எல்லாம் பேசினான். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வண்டி இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லருக்குள் உட்கார்ந்து போகிறவள் நான் ஒருத்திதான்.

எங்களுக்கு இட்லிக் கடை. கடையென்றால் சக்கரம் வைத்த தகர அறை. ஆரணியில் பட்டுக்கடைத் தெரு முனையில் காலையில் நிறுத்துவோம். கல்யாணப் புடவை எடுக்க வேன் வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் பசியோடுதான் இறங்கும். திருவிழா வந்தால் கடையை வெம்பாக்கம், போளூர் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவோம். அங்கேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து, திருவிழா முடிந்ததும் திரும்புவோம். இழுக்கிறது ஒரு குட்டி யானை. அதுதான் எங்கள் சின்ன வண்டி. முன்னால் ரெண்டு பேர்தான் உட்காரலாம். ஒரு சீட்டில் ஓட்டுகிற என் வீட்டுக்காரர். இன்னொன்றில் என் நாத்தனார். அவருக்கு முட்டி வலி. பஸ் ஏற முடியாது. அவர் கை படாமல் எங்கள் சாம்பார் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இருக்கிறவள் நான். மாவுப் பாத்திரங்களும் மிச்சம். பொங்கி நிற்கிற மாவை யாராவது பிடித்துக்கொண்டு வரவேண்டும். "நான் பஸ்ல வந்துடறேன்" என்று ஒருமுறை சொன்னேன். "அப்போ மாவை யாரு புடிப்பா, அதுவும் டிக்கெட் எடுத்துகினு பஸ்ல வருமா?" என்றார் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டிரெய்லரில் ஏறிக்கொண்டேன். அப்படி ஆள் ஏறிப்போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போலீஸ் நிற்கிற இடம் வந்தால் ஜன்னல் பலகையைச் சாத்திக்கொள் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இருட்டில், மாவுக்கு நடுவில், மூட்டை மாதிரி.

அந்த டிரெய்லர் ஆடும். எல்லா வண்டியும்தான் ஆடும் என்று சொல்லாதீர்கள். இது வேறு. மெதுவாகப் போகிறவரைக்கும் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்பக்கம் இடதுக்கு ஒரு வீச்சு, வலதுக்கு ஒரு வீச்சு. ஒரு வீச்சை விட அடுத்தது பெரிதாக இருக்கும். நான் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, காலால் ஒரு பாத்திரத்தையும் கையால் இன்னொன்றையும் அணைத்துக்கொண்டு, இப்போது கவிழும், இப்போது கவிழும் என்று உட்கார்ந்திருப்பேன்.

ஆடியதற்குக் காரணம் எனக்கு அப்போதே தெரியும். டிரெய்லரை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டிருந்தபோது நாத்தனார் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். சக்கரம் வைத்த கடைக்கு வாஸ்து! பட்டுக்கடைத் தெரு முனையில் அதன் முன்பக்கம், வண்டியோடு மாட்டுகிற கொக்கி, மேற்கே பார்த்து நிற்கும். அந்த நிலையை வைத்து அவர் கணக்குப் போட்டார். ஈசானி மூலையில் தண்ணீர் டிரம், அக்னி மூலையில் அடுப்பும் சிலிண்டரும். அதாவது ரெண்டுமே பின்பக்க மூலை. கனமானது எல்லாம் வாலில் போய் உட்கார்ந்தது. முன்பக்கம் படுக்கிற பலகை மட்டும். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டார்.

தராசில் ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் தூக்கும். வால் அழுத்தினால் கொக்கி மேலே தூக்கும். கொக்கி குட்டி யானையின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். இதைச் சொன்னேன்.

"இவ இன்ஜினியரு படிச்சிட்டு வந்துட்டா" என்றார் வீட்டுக்காரர்.

"பஸ்ல போனாலே வாந்தி எடுக்கறவ தானே நீ" என்றார் நாத்தனார். "உனுக்குத் தலை சுத்துது. வண்டி ஆடுதுன்றே."

ஆனால் ஸ்டீயரிங் உதறுவது வீட்டுக்காரருக்கே தெரிந்தது. அதனால்தான் அந்தச் சித்திரையில் பேச்சு ஆரம்பித்தது. குட்டி யானைக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் போதும் என்று ஒரு கட்சி. எங்கள் பக்கம் எல்லா ஓட்டுநரும் அதைத்தான் செய்வார்கள். பின்பக்கம் தொங்காமல் நின்றுவிட்டால் வண்டி எந்தக் கனத்தையும் தாங்கும் என்று நினைப்பு. பெரிய பிக்கப் எடு என்று இன்னொரு கட்சி. சின்னதுக்கு டீசல் கம்மி, தறிக்காரத் தெரு சந்தில் ஒடித்துத் திருப்பலாம். பெரிசு மேட்டில் திணறாது, ஆனால் எங்கள் வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் கத்துவார். இழுக்குமா, ஏறுமா, திரும்புமா, இதே பேச்சு.

டீ டம்ளரை வைக்கும்போது நான் கேட்டேன். "இழுக்கறதை வுடுங்க. நிறுத்துமா? டிரெய்லருக்குத் தனியா பிரேக்கு கெடையாது. மொத்தக் கனமும் பின்னாலேருந்து வந்து இடிக்குதே, அதை எது தாங்கும்?"

வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர், "தங்கச்சிக்கு ஓட்டவே குடுத்துடலாம் மச்சான்" என்றார். மறுபடி சிரிப்பு. பெரிய வண்டியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு வரும்.

போளூரில் வைக்கோல் ஏற்றுகிற ஒருவர் தன்னுடைய பெரிய பிக்கப்பை விற்க இருந்தார். ஒரு திருவிழாவுக்கு அதை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். டிரெய்லரை மாட்டினோம். நான் முன் கதவைத் திறந்தேன்.

"நீ பின்னாடி ஏறு" என்றார் வீட்டுக்காரர். "எப்பவும் உக்கார்றவ நீதானே. சின்னதுக்கும் பெரிசுக்கும் இன்னா வித்தியாசம்னு உனுக்குத்தான் தெரியும்."

முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்று நானும் ஏறித் தொலைத்தேன்.

ஊரைத் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. மேட்டில் குட்டி யானை முக்கும், இது முக்கவில்லை. பிறகு போளூர் போகிற வழியில் திருமலை பக்கம் நேர் ரோடு வந்தது. வேகம் கூடியது. வால் ஆட ஆரம்பித்தது. குட்டி யானையாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்டீயரிங் உதறும், அவரும் பயந்து காலை எடுப்பார். இப்போது அவர் காலை எடுக்கவில்லை. வண்டி இன்னும் வேகமாகப் போனது. சுவரோடு என்னைச் சாத்தி, எடுத்து, எதிர்ச்சுவரில் சாத்தியது. ஒரு பாத்திரத்தின் மூடி பறந்து, மாவு என் மடியில் கொட்டியது. பின்னால் டிரம்முக்குள் தண்ணீர் மோதுகிற சத்தம். நான் முன்சுவரைக் கையால் தட்டினேன். கரண்டியால் அடித்தேன். கத்தினேன். வீட்டுக்காரர் பல வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தம் அவருடைய காதில் பாதியைத் தின்றுவிட்டது. கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நாத்தனாருக்கும் கேட்கவில்லையா என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

போளூர் எல்லையில் நின்றது. இறங்கினேன். நெற்றி ஓரம் வீங்கியிருந்தது, புடவை முழுக்க மாவு.

"எப்படி கீது?" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பு. "வெண்ணெ மாரி போச்சு பார்த்தியா? ஆட்டமே இல்லை."

அடித்துவிடலாமா என்று இருந்தது. "சுவத்தை ஒடைக்கற மாரி தட்டினேனே, கேக்கலை?"

"கேக்கலையே."

"உங்களுக்கு ஆட்டம் நின்னு போச்சு. எனுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு. பெரிய வண்டி ஆட்டத்தை நிறுத்தலை. உங்களுக்குத் தெரியாம மறைக்குது. சின்ன வண்டியாவது பயந்து உங்களையும் பயமுறுத்திச்சு."

"ஒரு மாவு கொட்டினதுக்கு இம்மாம் பேச்சா" என்றார் நாத்தனார்.

"சரி அண்ணி. திரும்பறப்போ நீங்க உள்ள உக்காந்து வாங்க. எனுக்குத்தான் தலை சுத்துதே, உங்களுக்குச் சுத்தாது இல்ல."

சுற்றிலும் கடை போட வந்த ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "வர்றேன்டி. எனுக்கு இன்னா பயம்" என்றார்.

திருவிழா முடிந்து திரும்பினோம். நாத்தனார் உள்ளே, மிச்ச மாவோடு. டிரம்மில் மிச்சத் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. நான் முன்னால். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கடையை முன்னால் இருந்து பார்த்தேன். என்ன சொல்வது, ஒன்றுமே தெரியவில்லை. சீட்டு மெத்தென்று இருந்தது. ஸ்டீயரிங் அசையவில்லை. அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த மனுஷன் கெட்ட எண்ணத்தில் என்னைச் சாகடிக்க மாட்டார், பாட்டுப் பாடிக்கொண்டே சாகடிப்பார்.

என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லரின் பின்மூலை கண்ணாடிக்குள் வந்தது, மறைந்தது, வந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் அதிகமாக வந்தது. எதிரே ஒரு பைக். ஆணும் பெண்ணும், நடுவில் குழந்தை. அவர்கள் எங்களைத் தாண்டுகிற நேரம் வால் அந்தப் பக்கம் வீசியது. பைக்காரர் மண்ணில் இறங்கினார். விழவில்லை. கையை ஓங்கித் திட்டினார்.

"காலை எடு! பிரேக்கு மேல கால் வெக்காதே, சும்மா காலை எடு!" என்று அவர் காதுக்குள் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. காலை எடுத்தார். வண்டி மெல்ல அடங்கியது. ஓரமாக நிறுத்தினார். பைக்காரர் தூரத்தில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அதை வீட்டுக்காரரும் கண்ணாடியில் பார்த்தார்.

பின்கதவைத் திறந்தேன். நாத்தனார் பலகைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. புடவை முழுக்க மாவு. கை கொடுத்து இறக்கிவிட்டேன். என் கையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை.

வீட்டுக்காரர் கேட்டார். "இன்னாக்கா, ஆடுச்சா?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "இன்னா ஆடுச்சு? ஒண்ணும் ஆடலை. இவ சும்மா பேஜார் பண்றா" என்றார். சொல்லும்போதும் என் கை அவருடைய பிடியில்தான் இருந்தது.

நான் கையை உருவிக்கொண்டு பின்மூலைக்குப் போய், டிரம்மின் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் ஓடியது.

"ஏய், நல்ல தண்ணிடி! ஈசானி மூலையைக் காலி பண்றியே, குடும்பம் வெளங்குமா?"

"வண்டி ஒவ்வொரு முக்குலயும் திரும்பறப்போ உங்க ஈசானி மூலையும் தான் திரும்புது அண்ணி. இப்போ அது எந்தப் பக்கம் கீதுன்னு கேட்டுச் சொல்லுங்க, அங்கியே போய் ஊத்தறேன்."

வீட்டுக்காரர் குழாயை மூடச் சொல்லவில்லை. மூடாதே என்றும் சொல்லவில்லை. தண்ணீர் முழுக்க வடியும்வரை நின்றார். பிறகு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தோம். நாத்தனார் நடுவில்.

அந்தப் பெரிய பிக்கப்பை எடுத்துக்கொண்டோம். எதிர்வீட்டுக்காரர் சொன்னபடியே கத்துகிறார். நான் டிரெய்லருக்குள் ஏறுவதில்லை. மாவுப் பாத்திரங்களைக் கயிறு போட்டுக் கட்டி அனுப்புகிறோம், கொட்டினால் கொட்டட்டும். ஆனால் டிரம் இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது. அடுப்பும் அப்படியே. மாற்றச் சொன்னால், "அக்கா ஒத்துக்கட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். அக்காவிடம் கேட்டால், "எனுக்கு ஒண்ணும் ஆடலையே" என்கிறார்.

அதனால் கிளம்பும்போதெல்லாம் அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் நான் பின்னால் போய்க் குழாயைத் திறக்கிறேன். வடியும்வரை அங்கேயே நிற்கிறேன். ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் குடம் தூக்கி டிரம்மை நிரப்புவதும் நான்தான். போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவர்கள் ரெண்டு பேரும் வெம்பாக்கம் கிளம்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டு வந்து முன்னால் ஏறிக்கொண்டார்.

திருவிழா முடிந்து திரும்பி வந்ததும், "தண்ணியைத் தொறந்து வுட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குத் தொறக்கறேன்" என்றார்.