சூரியனை அளப்பவர் நெல்லின் ஈரம் பார்த்தார்

இன்று காலை கீழ்வேளூர் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அந்தோணிசாமி அண்ணனும், லீவுக்கு வந்திருந்த அவர் மகள் ஸ்டெல்லாவும்.

சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் காந்த சக்தி எவ்வளவு என்று அளப்பது ஸ்டெல்லாவின் வேலை.

"அங்க போகாம எப்படிம்மா அளப்பீங்க?" என்றேன்.

"சூரிய வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சா, நடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு தெரியும்ங்க. காந்தம் இருக்கற இடத்துல அந்தக் கோடு பிளந்துடும். எவ்வளவு விலகுதோ, அவ்வளவு காந்தம்."

அதற்குள், அண்ணனின் நெல்லை மீட்டரில் வைத்து ஈரம் பார்த்த நிலைய ஊழியர், "ஈரம் ஜாஸ்தியா இருக்குங்க, காய வச்சுக் கொண்டாங்க" என்றார்.

"மீட்டரு பொய் சொல்லுது!" என்று அண்ணன் கத்தினார்.

ஸ்டெல்லா கத்தவில்லை. குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடத்து நெல்லை அள்ளிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்; அதே மீட்டர், முன்னால் போனவரின் நெல்லைக் காய்ந்தது என்றுதான் காட்டியிருந்தது.

"மீட்டர் சரியாத்தான் இருக்குப்பா. நம்ம நெல்லுதான் ஈரம்."

அண்ணன் அடங்கிவிட்டார். "சரி, நாளைக்கு வெயில் அடிக்குமா, அதச் சொல்லு."

"அது எனக்குத் தெரியாதுப்பா."

சூரியனையே அளப்பவர் 'தெரியாது' என்கிறார். நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொன்னது யார்? ஞாபகம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.