பத்தொன்பதா, அறுபத்திரண்டா

வானிலை அலுவலகத்தில் அவருக்கு 'மில்லி' என்றுதான் பேர். காலை எட்டரைக்கு முற்றத்து மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவது வேலை. இருபத்திரண்டு வருடம் ஒருநாள் தவறியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பத்தொன்பது எழுதினார். மேலாளர் கூப்பிட்டார்.

"யோவ் மில்லி, ரேடார்ல அறுபத்திரண்டு காட்டுது. மிச்சத்தக் கொட்டிட்டியா?"

"குடிச்சிட்டேன் சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. "மதியம் ரேடார்க்காரம்மா வராங்க. தப்பு உன் பக்கம்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

சாப்பிட வீட்டுக்குப் போனால், மாடியில் மனைவி எடுக்க மறந்த மாவு டப்பாவில் தண்ணீர் நின்றது. ஸ்கேலை விட்டுப் பார்த்தார். நாற்பது.

"மூணையும் கூட்டி மூணால வகுத்து எழுதிடுங்க," என்றாள் விஷயம் கேட்ட மனைவி. "யாரு வானத்துல போய்க் கேக்கப் போறா?"

வகுத்தும் பார்த்தார். அதுவும் ஏறக்குறைய நாற்பதுதான் வந்தது. பதிவேட்டைத் திருத்தாமலே அலுவலகத்துக்குத் திரும்பினார்.

ரேடார்க்காரம்மா சின்ன வயசு.

"ரேடார் மழைய அளக்கறதில்லண்ணே. மேல இருக்கற துளியில பட்டுத் திரும்பற அலைய வச்சுக் கணக்குப் போடுது. ஒரு துளி குறுக்கால ரெண்டு மடங்கு பெருசா இருந்தா, அறுபத்து நாலு சின்னத் துளி மாதிரி தெரியும். கீழ வர்றதுக்குள்ள காத்தும் தள்ளிடும்."

"அப்ப ரேடார் தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"நான் தப்பா?"

"அதெப்படி? உங்க நம்பர வச்சுத்தான் ரேடாரையே திருத்தறோம்."

மில்லிக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் அந்தம்மா முற்றத்துக்குப் போய் மழைமானிக்கு மேலே பார்த்தாள். மரக்கிளை ஒன்று குடைபோல நின்றது.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

மழுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. "நாலு வருஷமா. நான்தான் வெட்ட விடல. நிழலா இருக்கேன்னு."

"நாலு வருஷமா இத வச்சா ரேடாரத் திருத்தினோம்?" அந்தம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இந்த ஆள மாத்திடவா?" என்றார் மேலாளர்.

"வேணாம் சார். மத்த மழைமானில தப்பு எங்கன்னே தெரியாது, இவரோடதுலதான் தெரிஞ்சிருக்கு. கிளைய மட்டும் வெட்டுங்க."

வேலை பிழைத்தது. கிளையை அவரே வெட்டினார். மூன்றாம் நாள் மழை. முப்பத்தொன்று என்று நிமிர்ந்து எழுதினார்.

போன் அடித்தது. "அண்ணே, ரேடார்ல பதினெட்டுதான் காட்டுது."

மில்லி மேலே பார்த்தார். கிளை இல்லை. வெறும் வானம்தான் இருந்தது.