வேண்டுதல் தாடி

சுவக்கீன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோதே அதற்கு ஒரு வால் இருந்தது. "பையன் பேரு சுவக்கீன். பேக்டரி வேலைக்குப் போகப்போறவன்" என்றாள் தேவிகுளத்துப் புஷ்பமேரி, என் கொழுந்தனுக்குச் சம்பந்தி. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறுவருஷம் அது. என் தங்கை மகள் செபமாலையம்மாளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். எப்போது போவான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். காலையில் களைவெட்டுக்குப் போகிறவன் தேயிலை பேக்டரி வாசலில் நின்றுவிடுவான். உள்ளே இலையை உருட்டும் ரோலரையும் அதைச் சுழற்றும் தோல் வாரையும் எட்டிப் பார்ப்பான். "வாரு தளந்து ஓடுது. நம்ம கையில இருந்தா இப்படி ஓடுமா?" என்பான். அப்புறம்தான் மண்வெட்டி தோளில் ஏறும். பேக்டரி மேஸ்திரி யாக்கோபு எங்கள் ஊர்க்காரர்தான், நாசரேத்துப் பக்கம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை போட்டுக் கொடுத்திருப்பார். கேட்கப் போகத்தான் இவனுக்குச் சப்பாத்து இல்லை. என் வீட்டுக்காரர் கான்வாஸ் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். "இடது கால் கடிக்குது அத்தை" என்றான். தவக்காலம் முடியட்டும் என்றான். தவக்காலம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, மழை விடட்டும் என்றான். எங்கள் மலையில் மழை விடுவதற்குக் காத்திருந்தவன் எவனும் உருப்பட்டதில்லை.

இது வெறும் வீண்பேச்சாகப் போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மகள் ரோசி பிறந்தாள். அவர்கள் இருந்தது கீழ் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஓடையை ஒட்டி. சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் இழுப்பு கண்டது. இரவில் நெஞ்சு விசில் அடிக்கும். பேக்டரி ஆட்களுக்கு மேலே தனி வீடு, பலகைத் தரை, பின்சுவருக்கு அடுத்து பாய்லர். அங்கே ஈரம் என்ற பேச்சே கிடையாது. "அந்த வீடு கிடைச்சா எம்புள்ள தூங்கும் பெரியம்மா" என்று செபமாலை என்னிடம் வந்து அழுவாள்.

பெண்டாட்டி அழுததும் சுவக்கீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. யாக்கோபு வீடு கூப்பிடு தூரம். இவன் பஸ்ஸும் ரயிலும் ஏறி வேளாங்கண்ணிக்குப் போனான். பேக்டரி வேலை கிடைக்கும்வரை முடியும் தாடியும் எடுப்பதில்லை, கிடைத்ததும் மாதா கோயிலிலேயே மொட்டை என்று நேர்ந்துகொண்டு வந்தான். நோய்க்கு நேர்வார்கள், பிள்ளை வரத்துக்கு நேர்வார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டிய காரியத்துக்கு நேர்ந்தவன் எங்கள் சொந்தத்தில் இவன் ஒருவன்தான்.

தாடி நன்றாக வளர்ந்தது. அவன் எடுத்த காரியத்தில் வளர்ந்தது அது ஒன்றே. பிள்ளை நெஞ்சில் தடவக் கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் பாதி அதற்குத்தான் போயிற்று.

போன வருஷம் யாக்கோபே லயத்துக்கு வந்தார். "லேய் சுவக்கீன், ரோலருக்கு ஒரு ஆள் வேணும். வீடும் காலியா கெடக்கு. திங்கக்கிழமை வா. இந்தச் சடையையும் தாடியையும் எடுத்துட்டு வா. வாருல சிக்குச்சுன்னா தலை எனக்கு, முண்டம் ஒனக்கு."

"வேலை கிடைச்சாத்தான் எடுக்கணும் அண்ணாச்சி. நேர்ச்சை அப்படி."

"எடுத்தாத்தாம்லே வேலை!"

"பாத்தியளா, எவ்வளவு பெரிய தடங்கல்" என்றான். வேறொருவன் தனக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோல் அவ்வளவு நிறைவாகச் சொன்னான்.

செபமாலை மலையேறிப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தாள். முடியை வெட்டித் துணியில் முடிந்து வை, பிறகு மாதா கோயிலில் சேர்த்துவிடலாம், நான் உத்தரவு தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாவிதர் காளிச்சாமியைக் கூட்டி வந்தோம். வெந்நீர் வைத்தாயிற்று. சுவக்கீனும் வந்து குந்தினான். கத்தி கிட்டே வந்ததும் கையைத் தூக்கினான்.

"சாமியாரும் மனுசந்தானே. நான் வாக்குக் குடுத்தது மாதாகிட்டல்ல?"

"மருமகனே, மாதாவும் ஒரு புள்ள பெத்தவதான். உள்ள இழுக்குத சத்தம் அவளுக்குக் கேக்காதா?" என்றேன்.

"நீங்க விசுவாசம் இல்லாமப் பேசுதிய அத்தை."

காளிச்சாமி கத்தியைத் துடைத்து மடக்கினார். "தலைக்காரன் சம்மதிக்காம நான் தொடமாட்டேன் தாயி. தாடிக்குள்ள இவரு சௌக்கியமாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை அதே லயத்து மத்தியாஸ் அந்த வேலைக்குச் சேர்ந்தான். வீடும் அவனுக்குப் போயிற்று. அந்த வாரமே செபமாலை துணிமணியைக் கட்டினாள். அவள் அண்ணனுக்குச் சூரியநெல்லியில் குளிர்காயக் கணப்புள்ள வீடு. சுவக்கீன் ரோட்டு வளைவுவரை வழியனுப்ப வந்தான். இருங்கள் என்று சொல்லவில்லை. "மாதா சோதிக்கா" என்றான். தூறல் விழத் தொடங்கியது. பிள்ளை தலையில் ஒன்றும் இல்லாமல் தாயின் தோளில் கிடந்தது. அவன் தன் கம்பளி முனையை இழுத்துத் தாடியை மூடிக்கொண்டான்.

ரோசிக்கு இந்தக் குளிருக்கு இழுப்பு வரவில்லை. சுவக்கீன் கீழ் லயத்தில், ஓடையோரத்துக் கடைசி வீட்டில் இருக்கிறான்.