கீபோர்டை வேண்டாம் என்று சொல்ல மூன்று மணி நேரம்

வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குள் கும்பகோணம் போகிற மூன்று பஸ்களை விட்டுவிட்டேன். என் தோள்பையில் இருந்த கீபோர்டுதான் காரணம். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் ஏறக் கூடாது, எவருடைய முழங்கையாவது பட்டால் ஒரு வாரத்து வேலை வீண் என்று நான் வேலை பார்க்கிற கடைக்காரர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். காலை எட்டு மணிக்கு அந்தத் தடத்தில் உட்கார இடமுள்ள பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதைவிட நடந்துவிடுவது எனக்குச் சுலபம்.

குறுவை அறுவடை நேரம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியை லாரிகளும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம்.

கம்ப்யூட்டரில் தட்டுகிற பலகைக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். சில பேர் கீபோர்டை முழுசாக வாங்குவதில்லை. பெட்டி ஒரு நாட்டிலிருந்து, எழுத்து மூடிகள் இன்னொரு நாட்டிலிருந்து, சுவிட்சுகள் வேறொரு இடத்திலிருந்து என்று தனித்தனியாக வரவழைத்து, கோத்துக் கொடுக்கச் சொல்வார்கள். எல்லாம் சத்தத்துக்காக. தட்டினால் "தொக்" என்று கேட்க வேண்டும். "டிக்" என்று கேட்டால் முகம் வாடிவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, பூனை மீசை மாதிரியான பிரஷால் உள்ளே கிரீஸ் தடவி மூடுவது என் வேலை. ஒரு கீபோர்டுக்கு எண்பத்தேழு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், பரோட்டாக் கடை, சீர்காழிப் பக்கம் இறால் உரிக்கிற வேலை என்று சுற்றியவன். இறால் உரித்த விரலுக்கு சுவிட்ச் பெரிய விஷயமில்லை.

ஊரடங்குக் காலத்தில் அந்த வேலை ஓகோவென்று நடந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். கையில் சம்பளம் இருந்தது, செலவழிக்க இடமில்லை. கீபோர்டு வாங்கினார்கள். ஒருவர் ஐந்து வைத்திருந்தார். அவருக்கு விரல்கள் பத்துதான். பிறகு ஆபீஸ்கள் திறந்தன. கூட்டமாகச் சேர்ந்து ஆர்டர் போட்ட சாமான்கள் ஒன்றரை வருடம் கழித்து வந்தன. வந்தபோது போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆசை போய்விட்டிருந்தது, ஒருவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. அதற்குள் பெட்டியைப் பிரித்ததுமே "தொக்" என்று கேட்கிற ரெடிமேடு கீபோர்டுகள் சல்லிசாக வந்து இறங்கின. எங்கள் மாடிக் கடைக்குப் படியேறி வருகிறவர்கள் கீழே இருக்கிற செல்போன் கடைக்கு வழி கேட்க மட்டும் வந்தார்கள்.

கடைக்காரர் என்னைவிட நான்கு வயது இளையவர், படித்தவர், நல்ல மனிதர். முந்தின நாள் மாலை விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டார். பாபநாசத்துக்காரருக்குச் செய்த கீபோர்டு மூன்று வாரமாக மேஜையில் கிடக்கிறது. அவர் அதை வாங்கிக்கொண்டால், அவருடைய ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் அதே மாதிரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு வந்தால் கடை ஓடும். வராவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்த மேஜை கேமரா வியாபாரத்துக்கு. வீடு வீடாகப் போய் சிசிடிவி மாட்டுகிற வேலை.

அந்த மேஜைக்கு அடியில்தான் நான் படுக்கிறேன். கேமரா என்றால் ஏணி. நாகப்பட்டினத்தில் பெயின்ட் அடிக்கிற வேலையில் ஏணியிலிருந்து விழுந்ததில் இடது கை தோளுக்கு மேல் போகாது. அதனால் பாபநாசத்துக்காரர் வாங்குவது எனக்கு முக்கியமாக இருந்தது.

அய்யம்பேட்டைக்கு முன்னால் ஒரு மினி வேன்காரர் ஏற்றிக்கொண்டார். பாபநாசத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, பத்து மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். புது வீடு. மாடியில் ஏசி அறை. அந்த அறைக்காரர்தான் நம் வாடிக்கையாளர். இருபத்தெட்டு வயது இருக்கும். போனில் நிறையப் பேசியிருக்கிறோம், நேரில் அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவர் முகத்தில் சந்தோஷமும் கலவரமும் ஒன்றாக வந்தன.

"அட, நீங்களே வந்துட்டீங்களா ப்ரோ?"

அந்தக் குரலில் எதுவோ சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும். அவர் அம்மா காப்பி கொடுத்த வேகத்தில் மறந்துவிட்டேன்.

கீபோர்டை மேஜையில் வைத்தேன். தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, பழைய கீபோர்டு மாதிரி இல்லையே என்றார். அது வழுவழுவென்று போகுமாம், இதில் நடுவில் ஏதோ இடிக்கிறதாம்.

இடிக்கத்தான் வேண்டும். அந்த வகை சுவிட்சில் அழுத்தும்போது பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும். அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். கிரீஸ் தடவும்போது உள்ளே இருக்கிற இரண்டு குட்டிக் கால்களில் படாமல் தடவ வேண்டும். பட்டால் மேடு மறைந்துவிடும். இரண்டு வருடம் முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது தெரியாமல் எண்பத்தேழு சுவிட்சின் கால்களிலும் தாராளமாகப் பூசிவிட்டேன். அதுதான் இவருடைய பழைய கீபோர்டு. கடைக்காரர் பதறிப் போய் மன்னிப்புக் கேட்க போனை எடுப்பதற்குள் இவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டார், இப்படி ஒரு கீபோர்டைத் தன் வாழ்நாளில் தொட்டதில்லை என்று. எட்டு நண்பர்கள் ஆசைப்பட்டதும் அந்தத் தப்பைத் தொட்டுப் பார்த்துத்தான்.

அதை அவரிடம் சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் கொடுங்க சார், பழைய மாதிரியே ஆக்கிடறேன்" என்றேன்.

"வேணாம் ப்ரோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமே இல்ல சார்."

எனக்குச் சிரமம் இல்லை என்பது அவருக்கு எவ்வளவு பெரிய சிரமம் என்று அப்போது தெரியவில்லை. மாடி அறையில் அவருக்கு மீட்டிங் இருந்ததால் கீழே கூடத்தில் உட்கார்ந்தேன். மூடிகளைக் கழற்றி, சுவிட்சுகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து, மனசறிந்து கால்களில் கிரீஸ் பூசினேன். ஒரு தப்பைத் தெரியாமல் செய்வதைவிடத் தெரிந்து செய்ய நேரம் அதிகமாகிறது. இரண்டு மணி நேரம் ஆனது. அவர் அம்மா அரிசி களைந்துகொண்டே வந்து பார்த்தார். இது என்ன, மிளகு பொறுக்குகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன்.

பன்னிரண்டரை மணிக்கு அவர் இறங்கி வந்து தட்டினார். மேடு போய்விட்டது. "சூப்பர்" என்றவர், உடனே நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். ஸ்பேஸ் பார் கொஞ்சம் கடகடவென்கிறதோ? அதன் அடியில் ஒரு கம்பி ஓடும். கழற்றி, கம்பி முனைகளில் கிரீஸ் வைத்து மாட்டினேன். கடகடப்பு நின்றது. சத்தம் உள்ளே வெத்தாகக் கேட்கிறதோ? பெட்டியைத் திறந்து, பலகையின் முதுகில் காகித டேப் இரண்டு வரிசை ஒட்டி மூடினேன். சத்தம் கனமானது. எல்லாம் சரிதான், எழுத்து மூடிகளின் நிறம்தான் போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையோ? ஜன்னலைத் திறந்து வெயிலில் காட்டினேன். போட்டோவில் பார்த்த மாதிரியேதான் இருந்தது.

அவருக்குக் குறைகள் தீர்ந்துவிட்டன. பாவமாக என்னைப் பார்த்தார். நான் அடுத்த குறையை ஆவலோடு எதிர்பார்த்தேன்.

அப்போதுதான் அவர் அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். ஆள் முழுக்க நெல் தூசி. கை கால் கழுவிக்கொண்டு வந்து, கூடம் முழுக்கப் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், காலையிலேந்து அவரை இப்படிப் போட்டு வாட்டுறியே. வேணாம்னா வேணாம்னு வாயைத் தொறந்து சொல்லேன்டா."

மகன் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். ஆபீஸில் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ரயில். எட்டு நண்பர்களும் அவரும் இனி ஒரே ஹாலில், தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் தொக், தொக் என்று தட்டினால் பக்கத்து டீம் எழுந்து வந்துவிடும். போன மாதமே ஆபீஸுக்குத் திரும்பிய ஒருத்தன் இந்த மாதிரி ஒன்றை எடுத்துப் போய் ஒரே நாளில் பூட்டி வைத்துவிட்டானாம். எல்லாருக்கும் ஆபீஸே கீபோர்டு கொடுக்கிறது, சத்தமே வராததாக.

"நீங்க இவ்வளவு தூரம் கொண்டாந்துட்டீங்க. எப்படி ப்ரோ வேணாம்னு சொல்றது?"

கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரமும் அவர் பட்ட பாடு எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் ஒவ்வொரு குறையையும் சரிசெய்து நிமிர்ந்தபோதெல்லாம் அவர் முகம் போன போக்கை நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அம்மா இலை போட்டார். அந்தச் சாப்பாட்டில் யாரும் கீபோர்டைப் பற்றிப் பேசவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே போய்க் கடைக்காரருக்கு போன் செய்தேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பரவாயில்லை, வந்துடுங்க, ஏணியில் நான் ஏறுகிறேன், நீங்கள் கீழே பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க, ஒருத்தர் சம்பளத்தில் இரண்டு பேர் எத்தனை நாள் ஓட்டுவது? அவருக்கும் அது தெரியும். நான் வரவில்லை என்று சொன்னதும் சண்டை போடவில்லை. என் போர்வையை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். கீபோர்டை ஞாயிற்றுக்கிழமை ரயிலேறப் போகிறவரே கடையில் கொண்டுவந்து ஒப்படைப்பதாக ஏற்பாடானது. அது தனக்குத் தண்டனை என்று அவரே ஒப்புக்கொண்டார். முகத்துக்கு நேராக இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே.

நான் பையை எடுத்துக் கிளம்பும்போது அப்பா வாசல் வரை கூடவே வந்தார். இனி எங்கே என்றார். தெரியவில்லை, இந்த இடது கையோடு ஏணி வேலை ஆகாது, கும்பகோணம் வரை நடந்து பார்ப்பேன் என்றேன்.

அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய குறுவை நெல் நான்கு நாளாகக் டிபிசி என்கிற அரசுக் கொள்முதல் நிலையத்தின் களத்தில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் இறங்கினால்தான் எடுப்பார்கள். பகலில் பரப்பிக் கிளற வேண்டும், மேகம் கறுத்தால் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும், ஆடு மாடு வந்தால் விரட்ட வேண்டும், முறை வரும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் குவியல் முந்திவிடும். சம்பா நாற்று வேறு வயலில் காத்திருக்கிறது, அவர் அங்கே நிற்க வேண்டும். இதுவரை மகன்தான் குவியல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டிங்கில் சாக்கு தூக்குகிறவர்களின் சத்தம் கேட்கிறது என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டாராம். இன்று காலை மீட்டிங்குக்காக வீட்டுக்கு வந்தவர் என்னிடம் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு கையும் வேணாம் தம்பி, கால்தான் வேணும். கிளர்றது காலாலதான். கோவப்படாம உக்காந்திருக்கற ஆளுதான் எனக்குக் கெடைக்கல. அவனையே மூணு மணி நேரம் தாங்கிட்டீங்க, எங்க டிபிசிய தாங்க மாட்டீங்களா?"

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அது டிபிசிக்காரருக்கே தெரியாது என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் களத்துக்குப் போனேன். பனியில் நனைந்த தார்ப்பாயை ஒரு முனையிலிருந்து சுருட்டினேன். பக்கத்துக் குவியலுக்குக் காவலிருந்த ஒரு பெரியம்மா, புது ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெங்களூர்த் தம்பிக்குப் பதிலா என்றார். ஆமாம், அவர் ஆபீஸ் போகிறார், நான் இங்கே என்றேன். அப்படியென்றால் எங்கள் முறை பதினோராவது என்றும், அவருடையது பத்தாவது என்றும், அதில் எந்தக் குழப்பமும் வரக் கூடாது என்றும் முதலிலேயே சொல்லி வைத்தார். நெல்லைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தேன்.