டாடி உஷ்டா

வானவடியிலிருந்து ஹிஞ்சேவாடிக்கு ஒரே கம்பெனி கேபில் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால், எந்த மனிதனின் வீட்டு விஷயமும் மிச்சமில்லாமல் தெரிந்துவிடும். புனே டிராஃபிக் அப்படி. ஹெர்பர்ட் விஷயம் எனக்கு அப்படித்தான் தெரியும். மற்றவர்கள் ஃப்ளாட் லோனையும் மாமியாரையும் பேசுவார்கள். ஹெர்பர்ட் பேசுவது ஒன்றே ஒன்று: அவன் மகள் ஃபியோனா எதைச் சாப்பிடுவாள், எதைச் சாப்பிடமாட்டாள்.

நான் சந்திரிகா, அக்கவுன்ட்ஸில் இருக்கிறேன். அவன் அதே கட்டிடத்தில் ஏசி, லிஃப்ட், தண்ணீர் எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்கிற வேலையில் இருக்கிறான். தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டையிலிருந்து வந்து கன்டோன்மென்ட் பக்கம் குடியேறிய குடும்பம். இந்தியும் மராத்தியும் போக மீதி இருக்கிற இடத்தில் கொஞ்சம் நெல்லைத் தமிழ் பேசுவான். ஆரம்பத்தில் என்னை 'சந்திரிகாக்கா' என்று கூப்பிட்டான். காக்காவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, வெறும் அக்கா போதும் என்று சொல்லிவிட்டேன்.

அவனும் அவன் மனைவி எல்சியும் பிரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்சி தளேகாவில் ஒரு ஸ்கூலில் டீச்சர். அவளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நல்லவர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போவது உண்டு. அதன் பிறகு குழந்தை அம்மாவிடம்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு.

ஃபியோனா பேசப் பழகியது ஒரு மராத்தி ஆயாவின் மடியில். அதனால் எச்சில் என்ற வார்த்தைக்கு முன்பே 'உஷ்டா' என்ற வார்த்தை அவளுக்கு வந்துவிட்டது. மராத்தியில் எச்சில் பட்ட சாப்பாட்டுக்கு அதுதான் பேர். சின்னதிலேயே சாப்பாட்டில் அவ்வளவு பிடிவாதம். பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி, "டாடி உஷ்டா!" என்று உத்தரவு போடுவாளாம். இவன் உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவானாம். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் தனக்கென்று ஒன்றும் ஆர்டர் பண்ணியதே இல்லையாம்.

"எனக்கு எதுக்குக்கா தனியா? அவ வைக்கிறதே எனக்கு வயிறு நிறைஞ்சுரும்" என்பான்.

எச்சில் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். "ஐயே, போதும்டா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவன் சிரிப்பான்.

சமீபத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஃபியோனாவுக்குப் பதினொன்று முடிந்தது. இவனோடு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி கூடச் சாப்பிடுவதில்லை, வாயே திறப்பதில்லை. வெறும் வயிறு, வெயில், பிறகு வண்டியில் வாந்தி. திங்கட்கிழமை ஸ்கூல் போகாமல் படுத்துக்கொண்டாள், அதுவும் ஒரு தடவை இல்லை. ஃபேமிலி கோர்ட் கவுன்சிலர் முன்னால் எல்சி அழுதேவிட்டாளாம். "புள்ளைக்கு ஒரு வேளை சோறு போடத் தெரியல மேடம் இவருக்கு. நான் எப்படி அனுப்புறது?" கவுன்சிலர், இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்போம், அப்புறம் குழந்தையையே கேட்போம் என்று சொல்லிவிட்டார். அவள் வேண்டாம் என்றால் போனில் பேசிக்கொள்வதோடு சரி.

"அந்த ஒரு நாள் அவ ஒழுங்கா ஒரு வேளை சாப்பிட்டுட்டா போதும்க்கா. ஞாயித்துக்கிழமை எனக்குக் கைவிட்டுப் போகாது" என்றான்.

மாவள் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. குழந்தை கேட்ட இடம். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருக்கிற ஹோட்டல்களில்தான் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான், மனிதன் ஆரம்பித்துவிட்டான். காலையும் மாலையும் கேபில் அதே பாராயணம். உள்ளே கப்பல் மாதிரி கட்டின ஹோட்டல் ஒன்று, டைனோசர் நிற்கிற குகை ஒன்று, ராஜஸ்தான் கூடாரம் ஒன்று, பிறகு பொதுவான ஃபுட் கோர்ட். யார் யாரோ எழுதின ரிவ்யூவைப் படித்துக் காட்டுவான். கூடாரத்தில் தாலி என்கிற தட்டுச் சாப்பாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில் வரும், ஒன்றோடொன்று ஒட்டாது, ஃபியோனாவுக்கு ஒட்டக் கூடாது. குகையில் ஃப்ரைஸ் மேல் மசாலா தூவிவிடுவார்கள், ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே கொத்தமல்லி. இந்த ஊரில் பச்சைத் தண்ணீரைத் தவிர எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லி தூவுவார்கள். பச்சையாக ஒரு இலை தெரிந்தால் அவள் தட்டைத் தொடமாட்டாள்.

கேபிலிருந்தே பார்க்குக்குப் போன் போடுவான். "பையா, வரணில் கோத்மீர் இல்லாம கிடைக்குமா?" என்று இந்தியில் கெஞ்சுவான். கோத்மீர் என்றால் கொத்தமல்லி. வரண் என்பது தாளிக்காத பருப்பு, அவள் சோற்றோடு சாப்பிடுகிற ஒரே குழம்பு. டிரைவர் சுனில் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நாள் வரைக்கும்.

கடைசியில் என்னையும் கூட வரச் சொன்னான். "பெரிய புள்ளையாயிட்டாக்கா. டிரெஸ் மாத்துற ரூம், லேடீஸ் பாத்ரூம் பக்கமெல்லாம் நான் போக முடியாது." ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து போனேன்.

தளேகாவில் வீட்டு கேட்டுக்கு வெளியே எல்சி குழந்தையோடு நின்றிருந்தாள். என்னிடம் தனியாக, "காலைல ஒண்ணும் வேணாம்னுட்டா அக்கா. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். ஹெர்பர்ட்டிடம், "இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க" என்றாள். ஃபியோனா அப்பாவின் தோளுக்கு வந்துவிட்டாள். பல்லில் கம்பி. நான் எதிர்பார்த்த பிடிவாதக்காரி மாதிரி இல்லை, அமைதியாக இருந்தாள்.

பார்க் வாசலிலேயே ஆரம்பித்தது. செக்யூரிட்டி ஹெர்பர்ட்டின் பையைத் திறந்து ஒரு ஸ்டீல் டப்பாவை எடுத்தான். சோறும் வரணும். எந்த ஹோட்டலும் சரிவராவிட்டால் இருக்கட்டுமே என்று விடியற்காலையில் எழுந்து பொங்கியிருக்கிறான். "குழந்தைக்கு உடம்பு சரியில்ல பையா" என்று பொய் சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஃபியோனா எங்களைத் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மராத்தியில் சண்டை பிடித்துப் பார்த்தேன். டப்பா வாசலிலேயே தங்கிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் எதிரே தலைகீழாகச் சுற்றுகிற ரயில். மேலே இருந்து ஜனங்கள் அலறுகிறார்கள். ஃபியோனாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"டாடி, அதுல போலாமா? நீயும் வா."

"சாப்பிட்டுட்டுப் போலாம் பாப்பா. வெறும் வயித்துல சுத்துனா வாந்தி வரும்."

சரி என்று கூட நடந்தாள். குகைக்குப் போனோம். இவன் சமையலறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொத்தமல்லி மலை மாதிரி நறுக்கி வச்சிருக்கான்க்கா" என்றான். கூடாரத்தில் வரிசை வெளியே வரை நின்றது. அதில் நின்று உள்ளே போனால், கிண்ணங்கள் தனித்தனியாகத்தான் இருந்தன, ஆனால் எல்லாவற்றிலும் காரம். ஃபுட் கோர்ட்டில் நூடுல்ஸில் குடைமிளகாய். எங்களை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஒவ்வொரு கவுன்டராகப் போய்க் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பரீட்சை எழுதுகிற பையனின் முகம் அவனுக்கு. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

ஃபியோனா திரும்பவும் கேட்டாள். "டாடி, ரயில்ல கூட்டம் கம்மியா இருக்கு. இப்ப போலாமா?"

"இப்பச் சாப்பிட்டுருவோம் கண்ணு. சாப்பிட்ட ஒடனேயும் சுத்தக் கூடாது. கொஞ்சம் பொறுத்துப் போவோம்."

"வெறும் வயித்துலயும் கூடாது. சாப்பிட்டாலும் கூடாது. அப்ப எப்ப டாடி?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கப்பல் ஹோட்டலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

கப்பலில் இடம் கிடைத்தது. வெள்ளைச் சோறு, வரண், மேலே ஒன்றும் தூவக் கூடாது. சர்வரிடம் நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு ஒரு தோசை. தனக்கு ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல. ஸ்பூனை மட்டும் டிஷ்யூவில் துடைத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

தட்டு வந்தது. வரணின் மேலே தாராளமாகக் கொத்தமல்லி.

ஹெர்பர்ட் எழுந்து நின்றுவிட்டான். லிஃப்ட் நின்றுபோய் மேனேஜர் கத்தும்போதுகூட அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "கோத்மீர் நகோ, வேணாம்னு எத்தன வாட்டி சொன்னேன்! ஒரு புள்ள சாப்பிடுறது உங்களுக்கெல்லாம் வெளயாட்டா?" என்று இந்தியும் மராத்தியும் தமிழுமாகக் கத்தினான். கப்பல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சர்வர் தட்டை எடுக்கக் கை நீட்டினான்.

ஃபியோனா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, உக்காரு. பரவால்ல." தட்டைத் தன் பக்கம் இழுத்து, கொத்தமல்லியோடு சேர்த்துப் பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தாள்.

ஹெர்பர்ட் மெல்ல உட்கார்ந்தான். அவள் ஒரு வாய்க்குப் பின் ஒரு வாயாகச் சாப்பிடுகிறாள். தலையை நிமிர்த்தவே இல்லை. இவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல! சந்தோஷம் தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது, இனி கேபில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டில் பாதி ஆனதும் அவன் கை தானாக ஸ்பூனை எடுத்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டு, விரலையும் துடைத்துக்கொண்டாள்.

"ஓய், எனக்கு உஷ்டா இல்லையா?" என்றான் சிரித்துக்கொண்டே.

"இல்ல டாடி. முடிஞ்சிருச்சு." தண்ணீர் குடித்தாள். தட்டையே பார்த்துக்கொண்டு, தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். "டாடி, நான் ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். இனிமே சண்டே வேணாம்னு. கவுன்சிலர் மேடம் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

"ஏன் பாப்பா? இன்னிக்குத்தான் நல்லாச் சாப்பிட்டியே?"

"இது லாஸ்ட் டைம்தானே. நீ ஹேப்பியா இருக்கணும்னு சாப்பிட்டேன்."

"கொத்தமல்லி... உனக்குப் புடிக்காதே?"

"அது சின்னப்போ. இப்பல்லாம் சாப்பிடுவேன். ஸ்கூல் டிஃபன்ல ஃப்ரெண்ட்ஸோட எல்லாம் சாப்பிடுவேன். நீ பாத்துட்டே இருந்தாத்தான் உள்ள போகல. இன்னிக்கு நான் உன்னப் பாக்கல, தட்ட மட்டும் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கூட வந்தா ஃபுல் டே சாப்பாடுதான் டாடி. வீட்டுக்குப் போனா அம்மா, சாப்டியா சாப்டியான்னு. வேற ஒண்ணும் என்கிட்ட யாருமே கேக்கறதில்ல. எனக்கு டயர்டா இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஹெர்பர்ட் அந்த வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகா, ஒரு வாய் எச்சிலாவது அவனுக்கு வைத்திருக்கக் கூடாதா இந்தப் பெண் என்று நான், எச்சிலுக்குப் பத்தடி தள்ளி நிற்கிற நான், மனதுக்குள் கதறினேன்.

திடீரென்று அவன் எழுந்தான். "வா பாப்பா. ரயில்ல போலாம். இப்பவே போலாம், டாடியும் வாரேன்."

"இப்ப வேணாம் டாடி" என்றாள் பொறுமையாக, பெரியவள் குழந்தைக்குச் சொல்வதுபோல. "சாப்பிட்டாச்சுல்ல. வாந்தி வரும்."

திரும்பும்போது வாசலில் டப்பாவை வாங்கிக்கொண்டான். வெயிலில் வரண் புளித்து நுரைத்திருந்தது. தளேகாவில் எல்சி கேட்டுக்கு வந்து நின்று, "சாப்பிட்டாளா?" என்றாள். "சாப்பிட்டா. முழுசா" என்றான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். பசியோடு இருக்கிறானே என்று வழியில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்தபடியே வானவடி வரை வந்தான்.

கவுன்சிலர் கேட்டபோது ஃபியோனா சொன்னதைத்தான் சொன்னாள். இப்போது போன் மட்டும். வேலை முடிந்து கேபில் வரும்போது வாரத்தில் ஒரு நாள் பேசுவான். போன் போடுவதற்கு முன்னால் என்னிடம் கேட்பான், "அக்கா, புள்ளைங்ககிட்ட வேற என்னதான் கேக்கணும்?" ஸ்கூலைக் கேள், ஃப்ரெண்ட்ஸைக் கேள் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். கேட்பான். அந்தப் பக்கம் "ம்" என்று வரும். இன்னொன்று கேட்பான். இன்னொரு "ம்". வண்டி சிக்னலில் நிற்கும். அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் அவன் வாயிலிருந்து அதுவேதான் வரும்.

"சாப்பிட்டியா பாப்பா?"

"ம். வைக்கிறேன் டாடி" என்பாள்.

முன்னெல்லாம் அவள் வைத்ததில் அவன் வயிறு நிறைந்தது. இப்போது அவள் வைப்பது போனை மட்டும்தான்.